காபித் தண்ணீரில் ஒன்பது மீன்கள்

1971 ஜூலை 10, சனிக்கிழமை, மாலை நாலு மணி நாற்பது நிமிஷம். வானம் முழுக்க மூடியிருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. காற்று அசையவே இல்லை. சுவரில் சாய்ந்தால் சட்டையோடு சுண்ணாம்பும் சேர்ந்து வரும், அப்படியொரு புழுக்கம். ஆர்.கே.புரத்தில் எங்கள் பிளாக்கின் முன்னால் ஓர் அரசாங்க ஜீப் வந்து நின்றது. அதன் பின்பக்கத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, நான்கு பால் கேன்கள். அவை உருண்டுவிடாமல் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்தபடி என் அப்பா.

நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு எண்ணுகிற வியாதி. பதினோரு வயதிலேயே முற்றியிருந்தது. இன்று காலை மருந்துக் கடைக்குப் போய்வர ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு எட்டு ஆயிற்று. போன மாதம் ஆயிரத்து அறுபதுதான். கடை அங்கேயேதான் இருக்கிறது, என் எட்டுதான் குறுகிக்கொண்டு வருகிறது. அது வேறு கவலை. நம் வயதில் ஆளுக்கொன்று இருக்கிறது. உங்களுக்குச் சர்க்கரை, எனக்கு இது.

அப்பா ஓர் அமைச்சகத்தில் ஸ்டெனோ. அவருடைய மேலதிகாரி ஒரு பஞ்சாபிக்காரர்; எங்கள் வீட்டில் அவருக்கு 'சாப்' என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. ஆப்பிரிக்காவில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு முந்தைய கோடையில் திரும்பியவர். மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து டிரான்சிஸ்டர் கொண்டுவந்தார்கள். அவர் மீன் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜன் அடைத்து, விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு. இப்போது அவர் மகளுக்குக் கல்கத்தாவில் பிரசவம். மனைவியோடு ஏழு வாரம் லீவில் போகிறார், ஆகஸ்ட் 28 திரும்புவார். அதுவரை மீன்களை யாரிடம் விடுவது? சமையல்காரர் பொரித்துவிடுவார் என்று பயந்து ஸ்டெனோவிடம் விட்டார்.

அப்பா ஏன் சரி என்றார் என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. மேல் கிரேடுக்கு அவர் பெயர் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் திரும்பி வந்திருந்தது. அதைத் தீர்மானிக்கிற இந்த வருஷத்துக் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்டை சாப் லீவு முடிந்து வந்ததும் எழுதுவார்.

"அப்போ இந்த மீன் செத்தா ரிப்போர்ட்டும் செத்துது" என்றாள் அம்மா.

"நல்ல வார்த்தை பேசு."

"பேசுதேன். அதுக்கு முன்ன இது எங்க நிக்கும்னு சொல்லுங்க. நமக்கே படுக்க இடமில்ல."

முன்னறையில் தையல் மிஷினை நகர்த்தி, டிரங்குப் பெட்டிகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் தொட்டியை வைத்தார்கள். ஜீப் டிரைவர் வெளிநாட்டுக் காற்றுப் பம்பைச் செருகினார். அது ஒரு தும்பியைப் போல ரீங்கரித்தது. கேன்களின் மூடியைத் திறந்து அப்பா மெல்லச் சாய்த்தார். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பது.

ஒன்பதையும் நான் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். மூன்று ஆண், மைக்கூட்டில் முக்கியெடுத்த நீலம், பக்கவாட்டில் வெளிறிய ஒரு கோடு. ஆறு பெண், மாம்பழ மஞ்சள், தலையிலிருந்து வால்வரை கறுப்புக் கோடுகள், யாரோ ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல. கல்லைச் சுற்றி ஓடின, ஒன்றையொன்று விரட்டின, கண்ணாடிக்கு வந்து எங்களை முறைத்தன. நாங்கள் அதுவரை பார்த்த மீன்கள் தட்டில் வந்தவை. இவை எங்களைப் பார்த்தன! என் எட்டு வயதுத் தங்கை ஆறு தடவை "அரே பாப் ரே" என்றாள். அவள் டெல்லியில் பிறந்தவள். ஆச்சரியம், கோபம், கணக்கு எல்லாம் இந்தியில்தான் வரும்.

"சிக்லிட்" என்று சாப் டைப் அடித்துக் கொடுத்த தாளைப் பார்த்து அப்பா படித்தார். நாலே வரி. காலை மாலை ஒரு சிட்டிகை தீனி. ரொட்டி போடக் கூடாது. விளக்கை ஒன்பது மணிக்கு அணைக்கவும். சனிக்கிழமைதோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றவும். என்ன தண்ணீர் என்று அதில் இல்லை. எங்கள் வீட்டில்தான் அது பெரிய கேள்வி.

எங்கள் குடியிருப்பில் இரண்டு தண்ணீர். காலை ஐந்தேகாலுக்குக் குழாயில் வந்து ஏழுக்கு நின்றுவிடும் முனிசிபல் தண்ணீர் ஒன்று. அதற்கு வீட்டுப் பெயர் காபித் தண்ணீர். மற்றது கீழே புல்வெளி ஓரத்துக் கைப்பம்பில் அடிப்பது, குளிக்க, துவைக்க. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வாளியின் அடியில் வெள்ளையாகப் படிந்ததை அம்மா மாதம் ஒரு தடவை புளி போட்டுத் தேய்ப்பாள்.

அப்பா தாமிரபரணிக் கரைக்காரர். தண்ணீர் விஷயத்தில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் முதல் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடுவார். குழாயா பம்பா, பச்சையா கொதித்ததா, பானையில் இருந்ததா செம்பில் இருந்ததா என்று சொல்லிவிடுவார். தப்பியதே இல்லை. தொட்டி கொள்வது ஒன்பது வாளி. கேனில் வந்தது நாலு வாளி. மீதி ஐந்துக்கு அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"விடிஞ்சதும் காப்பித் தண்ணி ஊத்துலே."

அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். "நாம குடிக்கவே மூணு குடம்தான் வருது. மீனுக்கு அஞ்சு வாளியா?"

"தண்ணி நல்லா இருந்தா மனுஷன் நல்லா இருப்பான். மீனுக்கு மட்டும் வேற சட்டமா? அது தண்ணிக்குள்ளயே இருக்கு, நாமளாவது வெளிய இருக்கோம்."

மறுக்க முடியாத வாதமாகத்தான் அன்று எனக்கும் பட்டது. அம்மாவின் இரண்டாவது காபி அன்றோடு நின்றது.

ஐந்தாம் நாள் காலை ஒரு ஆண் மீன் மேலே மிதந்தது. எட்டு. அந்தச் சனிக்கிழமை மூன்று வாளி மாற்றினோம், எல்லாம் காபித் தண்ணீர். இருபதாம் தேதி இரண்டு பெண் போயின. ஆறு. மற்றவை துடுப்பை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு மூலையில் கிடந்தன. மஞ்சள் வெளுத்து, பழைய பனியன் நிறத்துக்கு வந்துவிட்டது. விரட்டல் இல்லை, முறைப்பு இல்லை. அப்பா அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமலே என்னைப் பார்ப்பார். நான் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். அது எனக்கு வேலையாகிவிட்டது. "ஆறுப்பா" என்றால் ஒரு பெருமூச்சு வரும், பிறகுதான் செருப்பு.

அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். டெல்லித் தண்ணீரில் கிருமி. இனி வாரத்துக்கு ஒரு தடவை போதாது, புதனும் சனியும் மாற்ற வேண்டும். காய்ச்சி, ஆறவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி. விடியற்காலையில் ஸ்டவ் இரைய ஆரம்பிக்கும். ரேஷன் மண்ணெண்ணெய் மீனுக்குப் போயிற்று. நாங்கள் பிறந்தபோதுகூட இப்படிக் காய்ச்சவில்லை என்றாள் அம்மா. இருபத்தாறாம் தேதி இன்னொரு ஆண் போயிற்று. ஐந்து.

இருபத்தெட்டாம் தேதி மழை வந்தது. நல்ல மழை, நாற்பது நிமிஷம். அப்பா மொட்டைமாடிக்கு ஓடினார். வீட்டிலிருந்த அகலமான பாத்திரங்கள் பதினொன்றும் அவர் பின்னால் போயின. தலையிலிருந்து வழிய வழியத் திரும்பி வந்தவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"இதுக்கு மேல சுத்தம் எங்கலே இருக்கு? மேகத்துலருந்து நேரா!"

மழைத் தண்ணீர் மூன்று வாளி போயிற்று தொட்டிக்குள். முப்பதாம் தேதி ஒரு பெண் மீன் செத்தது. நாலு. ஒரு ஆண், மூன்று பெண். அவையும் தரையில் வயிற்றை வைத்துக் கிடந்தன. அன்று அப்பா சாப்பிடவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். "இன்னும் இருபத்தொம்பது நாள் இருக்கு" என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அன்று முதல் தடவையாக எண்ணுவதை நிறுத்தலாமா என்று தோன்றியது.

மறுநாள் ஜூலை 31, சனிக்கிழமை. அப்பா அதிகாலையில் மூன்று வாளித் தண்ணீர் காய்ச்சி, அடுக்களையில் பித்தளை அண்டாவில் ஆறவைத்துவிட்டு அலுவலகம் போனார். மதியம் நான் மாற்ற வேண்டும். மோதி பாக் தமிழ்ப் பள்ளியிலிருந்து நான் ஒன்றேகாலுக்கு வந்தேன். அம்மா வழக்கம்போல் இரண்டு பத்துக்குப் படுத்தாள். மூன்று இருபத்தைந்துக்குத்தான் எழுவாள். நான் தொட்டியிலிருந்து மூன்று வாளி வெளியே எடுத்துக் கொட்டினேன். பிறகு அண்டாவைச் சற்று முன்னால் இழுத்துக்கொள்ளலாம் என்று இழுத்தேன்.

அண்டா இழுத்த வேகத்தில் குப்புறக் கவிழ்ந்தது.

மூன்று வாளித் தண்ணீரும் அடுக்களைத் தரையில் ஓடி, அங்கணத்தில் இறங்கி, கொளகொளவென்று போய்விட்டது. அம்மா புரண்டு படுத்தாள், எழவில்லை. குழாயைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை. தொட்டியில் தண்ணீர் கல்லுக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது. நாலு மீன்கள். அப்பா வர நாலரை மணி நேரம்.

வாளியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். படி முப்பத்தாறு. கைப்பம்பில் பதினேழு அடி அடித்தால் அரை வாளி. முழு வாளி என்னால் தூக்க முடியாது. ஆக ஆறு நடை. நூற்றிரண்டு அடி, ஏறியது மட்டும் இருநூற்றுப் பதினாறு படி. கடைசி வாளியை ஊற்றும்போது கதவருகில் தங்கை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அண்ணே, இது பம்ப் கா பானி."

"சத்தம் போடாதட்டி."

"அப்பாட்ட சொல்லுவேன்."

"சொன்னா மீனு செத்தது என்னாலதான்னு ஆயிரும். சொல்லாதட்டி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பாஞ்ச் பைசா தோ."

"எதுக்கு?"

"சுப் ரஹ்னே கா. பேசாம இருக்கதுக்கு. தினமும்."

"தினமுமா?"

"சாப் வர்ற வரைக்கும். சண்டே கூட."

ஐந்து பைசா என்பது பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வர என் பஸ் டிக்கெட். இனி நடந்துதான் வர வேண்டும்; ஞாயிற்றுக்காகச் சனிக்கிழமை போவதும் நடைதான். கொடுத்தேன். கீழே ஐஸ் வண்டி மணியடித்தது; ஐந்து நிமிஷத்தில் நாக்கு ஆரஞ்சு நிறமாகத் திரும்பி வந்தாள்.

ஆறு நாற்பதுக்கு அப்பா வந்தார். "நாலுப்பா" என்றேன். பெருமூச்சு, செருப்பு. தங்கை ஓடிப்போய் அவர் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா தொட்டியருகில் வந்து நின்றார். பிறகு ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார். தொட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்ணி மாத்தியாச்சாலே?"

"மாத்தியாச்சுப்பா."

"ம்" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நாக்குத் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எண்ணப் போனேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண முடியவில்லை, ஓடின! நாலும் ஓடின! துடுப்பெல்லாம் விரிந்திருந்தன. நீலம் மறுபடி மை நீலம், மஞ்சள் மறுபடி மாம்பழம். ஆண் மீன் கண்ணாடிக்கு நேராக வந்து என்னை முறைத்துவிட்டுப் போனான். கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினால் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு முன்னறையில் குதித்தேன், பத்தொன்பது தடவை.

இதன் காரணம் எனக்குத் தெரியவந்தது போன மாதம்தான். குர்காவ்னில் என் பேரன் இதே வகை மீன் வளர்க்கிறான். ஆப்பிரிக்காவில் இவற்றின் பிறந்த வீடான மலாவி ஏரியின் தண்ணீர் கெட்டித் தண்ணீராம், சுண்ணாம்பும் உப்பும் நிறைந்ததாம். மென்மையான தண்ணீரில் இவை வாடிப்போகுமாம். அதனால் வீட்டு ஆர்.ஓ. மிஷின் எல்லாவற்றையும் வடிகட்டித் தரும் தண்ணீரில், கடையில் பொட்டலம் வாங்கி உப்பைத் திரும்பப் போடுகிறான். பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எங்கள் பம்படியில் வாளிக்கடியில் படிந்ததுதான். காய்ச்சக் காய்ச்ச அந்தச் சுண்ணாம்பு அண்டாவில் தங்கிவிடும்; மழைத் தண்ணீரில் அது சுத்தமாகக் கிடையாது. அப்பா ஒவ்வொரு படியாகத் தண்ணீரை உயர்த்திக்கொண்டே போனார், மீன்கள் ஒவ்வொன்றாகப் போயின.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. பம்புத் தண்ணீர் வேலை செய்கிறது என்பது மட்டும் தெரியும். அப்பா புதனும் சனியும் காய்ச்சினார். நான் புதனும் சனியும் இரண்டு பத்திலிருந்து மூன்று இருபத்தைந்துக்குள் ஆறு நடை ஏறினேன். காய்ச்சிய தண்ணீரை என்ன செய்வது? நானும் தங்கையும் குளித்தோம். சோப்பு அப்படி நுரைக்கும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. காது, மூக்கு, புருவம் எல்லாம் நுரை. "என்னலே, முடியெல்லாம் பட்டு மாதிரி இருக்கு?" என்று ஒரு நாள் அம்மா கேட்டாள். தேங்காயெண்ணெய் என்றேன்.

ஆகஸ்ட் 14 இரண்டாம் சனிக்கிழமை, அப்பாவுக்கு லீவு. அவர் வீட்டிலிருந்தால் நான் எப்படி வாளி தூக்குவது? சரியாக இரண்டு மணிக்கு அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். "முடி வெட்டிட்டு வாரேன்" என்று கிளம்பினார். அதற்குப் பத்து நாள் முன்னால்தான் வெட்டியிருந்தார். முருகன் காப்பாற்றினார் என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. பதினோரு வயதில் எண்ணத்தான் தெரியும், கூட்டத் தெரியாது.

இதற்கிடையே வேறொரு பயம் வந்துவிட்டது. ஆகஸ்ட் 4 முதல் பெண் மீன்களில் ஒன்று சாப்பிடவில்லை. தீனி மூக்குக்கு நேராக விழுந்தாலும் திரும்பிக்கொண்டது. தாடை வீங்கிவிட்டது. அம்மா குனிந்து பார்த்து, "வாயில கொழுக்கட்டைய ஒளிச்சு வச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள். அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி என்று சந்தேகம். பக்கத்து பிளாக்கில் ஒரு பெங்காலி மாமா, பகலில் குமாஸ்தா, மாலையில் ஹோமியோபதி. அவரை அழைத்து வந்தார்.

மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொட்டியின் முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கேள்விகளை இந்தியில் கேட்டார், நோயாளியிடம் கேட்பதுபோல மெதுவாக. தூக்கம் உண்டா? தனிமை பிடிக்கிறதா? கோபம் வருமா?

"பஹுத்", நிறைய, என்றார் அப்பா. "ஆண் பக்கத்துல வந்தா கடிக்கப் போகுது."

"ரோதி ஹை?"

அழுகிறதா என்று கேட்கிறார். அப்பா என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

"பானி மே ஹை தாதா. பதா நஹீன்." தண்ணீரிலேயே இருக்கிறது அண்ணா, தெரியவில்லை.

மாமா தலையாட்டிவிட்டு நாலு வெள்ளை உருண்டை கொடுத்தார். அவற்றைத் தொட்டியில் போட்டோம். மற்ற மூன்றும் தின்றுவிட்டன. வீங்கியவள் தொடவில்லை.

ஒவ்வொரு நாளும் அவள் சாப்பிடாத வேளைகளை எண்ணினேன். பத்து, இருபது, முப்பது. உடம்பு மெலிந்துகொண்டே வந்தது, தாடை மட்டும் பெரிதாயிற்று. நாலில் ஒன்று போனால் மூன்று. ஒன்பது கொடுத்தவருக்கு மூன்றை எப்படிக் காட்டுவது? அப்பா ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத ஆரம்பித்தார். ஷார்ட்ஹேண்டில் எழுதுவார், கிழிப்பார். அவருடைய ஷார்ட்ஹேண்டை யாராலும் படிக்க முடியாது, இருந்தாலும் கிழிப்பார்.

ஆகஸ்ட் 26, வியாழன், காலை ஆறு ஐந்து. நாற்பத்து நாலு வேளை பட்டினி. எண்ணப் போனேன். ஒன்று, இரண்டு, மூன்று, வீங்கியவள் நாலு. அவள் கல்லுக்கடியில் நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் தூசி வெளியே வந்தது. தூசிக்குக் கண் இருந்தது. கோடு இருந்தது! அரிசி நீளம்கூட இல்லை, ஆனால் முழு மீன். இன்னொன்று. இன்னொன்று. வாயிலிருந்து புறப்பட்டு அவள் முகத்துக்கு முன்னால் ஒரு சின்ன மேகமாக நின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பதினேழு! மறுபடி எண்ணினேன். பதினேழு!

"அப்பா! பதினேழு! குஞ்சு! வாயிலருந்து!"

அப்பா பல் தேய்க்கிற நுரையோடு ஓடிவந்தார். அவர் நிழல் கண்ணாடியில் விழுந்ததுதான் தாமதம், தாய் வாயைத் திறந்தாள், மேகம் அப்படியே உள்ளே போயிற்று. அப்பா பார்த்தபோது தொட்டியில் நாலு மீன்கள்தான்.

"எங்கலே?"

"உள்ள போயிருச்சுப்பா. வாய்க்குள்ள."

"தின்னுட்டாங்கியா?"

"இல்லப்பா. வச்சிருக்கா."

அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்பது அவருக்கு இன்னும் கவலையாகப் போயிற்று. இரண்டு நாள் நான் தொட்டியைவிட்டு நகரவில்லை. ஒருவரும் பார்க்கும்போது அவள் வாயைத் திறக்கவில்லை. தங்கை என்னைச் சுற்றிச் சுற்றி வந்து "சத்ரா! சத்ரா!" என்று பதினேழைச் சொல்லிச் சிரித்தாள். அதற்காக அன்றைய ஐந்து பைசாவைக் குறைக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 28, மாலை ஐந்து பத்து, அப்பா அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வந்திருந்தார். ஜீப் வந்தது. சாப் ஆறடி உயரம். எங்கள் முன்னறை திடீரென்று சின்னதாகிவிட்டது. பேத்தி பிறந்திருந்தாள், ஒரு டப்பா ரசகுல்லா கொண்டுவந்திருந்தார். டப்பாவைக் கையில் வைத்தபடியே தொட்டியின் முன் குனிந்தார். அவர் உதடு எண்ணுவதைப் பார்த்தேன். நாலில் நின்றுவிட்டது. கல்லுக்குப் பின்னால் பார்த்தார். நிமிர்ந்தார்.

"பாக்கி?"

அப்பாவின் கை கால்சட்டைத் தையலோடு ஒட்டியிருந்தது. மன்னிப்புக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அவருடைய இந்தி எப்போதும் பாதி வழியில் நின்றுவிடும்; அன்று நிற்கவில்லை.

"பாஞ்ச் மர் கயா சாப். அச்சா பானி தியா. இஸ்லியே மர் கயா."

ஐந்து செத்துவிட்டன. நல்ல தண்ணீர் கொடுத்தேன், அதனால் செத்தன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு எப்படித் தெரியும்?

"அச்சா பானி? மத்லப்?" அப்படியென்றால் என்ன என்றார் சாப்.

அப்பா என்னைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு காய்ச்சியது, பிறகு மழை என்று ஒவ்வொன்றாக இந்தியிலேயே சொன்னார். "அதுக்கப்புறம் இவன் கைப்பம்புத் தண்ணி ஊத்துனான். அன்னையிலருந்து ஒண்ணும் சாகல. இந்த நாலும் இவன் சுமந்தது சாப்."

சாப் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் பங்களாவில் ஒரே தண்ணீர், டியூப்வெல். வேறு தண்ணீர் இருக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லையாம். அவர் முகம் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத அந்த நேரத்தில்தான் தங்கை கிறீச்சிட்டாள்.

"அண்ணே! வாய்! வாய் திறக்கா!"

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். சாப்பின் தலையும் அப்பாவின் தலையும் முட்டிக்கொண்டன. மஞ்சள் மேகம் வெளியே வந்துகொண்டிருந்தது. சாப் ரசகுல்லா டப்பாவை என் அம்மாவின் கையில் திணித்துவிட்டு மண்டியிட்டார். ஒரு வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தாராம். ஏக், தோ, தீன் என்று ஆரம்பித்தார். அப்பா தமிழில் எண்ணினார். அப்பாவுக்குப் பதினாறு வந்தது, சாப்புக்குப் பதினெட்டு. இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"சத்ரா" என்றேன்.

மறுபடி எண்ணினார்கள். சாப் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றிவிட்டார். கூரை விசிறி அவ்வளவு பக்கத்தில் வந்தது அன்றுதான். "அரே, நௌ தியா தா, இக்கீஸ் மிலா!" ஒன்பது கொடுத்தேன், இருபத்தொன்று கிடைத்தது என்று வராந்தாவுக்குப் போய் ஜீப் டிரைவரிடம் கத்தினார். போகும்போது ஆறு குஞ்சுகளை எங்கள் ஊறுகாய் ஜாடியில் விட்டுப்போனார். ரிப்போர்ட்டில் என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. ஜனவரியில் அப்பாவுக்கு மேல் கிரேடு வந்தது.

ஜீப் போன பிறகு நான் அப்பாவிடம் கேட்டேன்.

"உங்களுக்கு எப்பப்பா தெரியும்?"

"முத நாளே. நான் பைய நீட்டினதும் உன் தங்கச்சி காதுல சொல்லிட்டா. நம்பல. நாக்குல வச்சுப் பாத்தேன், உப்பு. முதுகுல ரெண்டு வைக்கத்தான் திரும்புனேன். அதுக்குள்ள அந்த நீலப் பய எந்திரிச்சு என்னைப் பாத்துட்டுப் போனான். சரி, விடியட்டும்னு விட்டேன்."

"பெறகு எதுக்கு நாலு வாரம் வெந்நி போட்டீங்க?"

"நிப்பாட்டினா எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா பயந்துபோய் நீ நிப்பாட்டிருவ. ஓடுற ஃபைல எதுக்குலே நான் நிறுத்தணும்?"

அந்த வயதில் இது எனக்குப் பெரிய தந்திரமாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. தண்ணீரைத் தவிர வேறெதிலும் கர்வமில்லாத மனிதர், அந்த ஒன்றிலும் தான் தோற்றுப்போனது தெரிந்து, விடியற்காலையில் எழுந்து எட்டாவது தடவையாக ஸ்டவ்வைப் பற்றவைத்திருக்கிறார்.

அம்மா ரசகுல்லாவைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் மட்டும் என்ன, தூங்கவா செஞ்சேன்? நீ முத நடை கீழ போனதும் எந்திரிச்சு அந்த வெந்நில ஒரு டம்ளர் எடுத்து வச்சுக்கிடுவேன். புதன், சனி ரெண்டு நாளும் ரெண்டாங் காப்பி நடந்துச்சு."

ஆக அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். வீட்டில் யாரிடமிருந்து எதை மறைக்க நான் மோதி பாக்கிலிருந்து வெயிலில் நடந்தேன்? தங்கையைப் பார்த்தேன். அவள் ரசகுல்லாச் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தாள். நாக்கு இன்னும் ஆரஞ்சாகவே இருந்தது. காசைத் திருப்பிக் கேட்டேன். "நீ பேசாம இருக்கத்தான குடுத்த? நான் இருபத்தெட்டு நாள் பேசாமதான இருந்தேன்" என்றாள். நொய்டாவில் இருக்கிறாள் இப்போது, அறுபத்திரண்டு வயது. ராக்கி கட்ட வரும்போதெல்லாம் கேட்கிறேன், அதே பதில்தான் சொல்கிறாள்.

ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 28 வரை, இரண்டு நாளும் சேர்த்து, இருபத்தொன்பது நாள். நாளுக்கு ஐந்து பைசா. ஒரு ரூபாய் நாற்பத்தைந்து பைசா.